சாருஜாவின் மின்னஞ்சலை வேறு கணினிக்கு மாற்றும் முறை

1.

இது ஒரு வழிகாட்டிக் குறிப்பாக இருந்திருக்க வேண்டும். விதுர்ஷா கேட்டது அதைத்தான்.

"அத்தான், நீங்க செஞ்சத ஒரு தாளில எழுதித் தாங்க. எனக்குப் பிறகு வாற ஆளுக்கும் உதவும்."

விதுர்ஷா என் மனைவியின் தங்கை. பழுகாமத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், புதிய செயலாளர். பழைய செயலாளர் என் மனைவி சாருஜா.

நான் மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குறிப்பு எழுதுவது என் தொழில். உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

[முதலில் பழைய கணினியில் மென்பொருளை மூடவும். அதில் கடைசியாக வேலை செய்தவர் எழுந்து போன பின்]

நிறுத்தினேன். இன்னொரு தாள்:

[மின்னஞ்சல் மென்பொருளை வேறு கணினிக்கு மாற்றுவது சுலபம். மாற்ற முடியாதது]

இதையும் விட்டேன். "மாற்ற முடியாதது" என்று தொடங்கும் எந்த வசனமும் உருப்படியாக முடிந்ததில்லை. மூன்றாம் தடவை எழுதியதை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். விதுர்ஷா கேட்ட குறிப்பும் இதற்குள் இருக்கிறது. அவசரமானவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம்.

2.

சாருஜா மாசி மாதம் இறந்தாள். காய்ச்சல். அதைப் பற்றி இதில் வேறொன்றும் வராது. எழுதிப் பார்த்தேன். [அன்று காலை அவள்] என்பதைத் தாண்டவில்லை.

வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண் பிள்ளைக்கு. நான் கரடியனாற்றிலிருந்து ஒரு சூட்கேசுடன் இந்த வீட்டுக்கு வந்தேன். இனி வீடு விதுர்ஷாவுக்கு. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன் நான் கரடியனாற்றுக்கு, அம்மாவிடம், திரும்ப வேண்டும்.

போ என்று யாரும் சொல்லவில்லை. மாமி என் சேர்ட்டுகளை மடித்து அதே அலுமாரியில், அதே தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மாமி என்பது சாருஜாவின் அம்மா, சீதேவிப்பிள்ளை. இந்தக் கதையில் யாரைப் பார்த்து நான் மிகவும் வியக்கிறேன் என்று கேட்டால் சாருஜா என்றுதான் தொடங்கினேன். ஆறாம் பகுதிக்கு வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது.

கதை என்றால் சாருஜா எப்படியிருப்பாள் என்று எழுத வேண்டும். எழுதினேன்: [மெலிந்தவள். சிரித்தால் கன்னத்தில்]. வெட்டினேன். கதைகளில் இறந்துபோகும் மனைவிமார் எல்லோரும் மெலிந்தவர்கள், எல்லோரும் சிரிப்பவர்கள். சாருஜா மெலிந்தவளல்ல. வேலை செய்யும்போது சிரிக்கவும் மாட்டாள், யாராவது பக்கத்தில் வந்து நின்றால் முறைப்பாள். ஆகையால் அவளுடைய வேலையைக் காட்டுகிறேன்.

3.

அமைப்புக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. நீர்ப்பாசன அலுவலகம், உரக் கம்பனிகள், விதை நெல் விற்பவர்கள், கூட்ட அழைப்புகள், மழை அறிவிப்புகள், வெளிநாட்டில் எங்களுக்குச் சொத்து விழுந்திருப்பதாகச் சொல்பவர்கள், எல்லோரும் அதற்கே எழுதினார்கள்.

சாருஜா வடிகட்டிகள் வைத்திருந்தாள். வடிகட்டி என்றால் ஒரு கட்டளை. இன்னாரிடமிருந்து வந்தால், இன்ன சொல் இருந்தால், இன்ன கோப்புறைக்குப் போ. கோப்புறைகளுக்கு அவள் வைத்த பெயர்கள்: தண்ணி. விதை. உரம். கூட்டம். மழை. விளம்பரங்களும் வெளிநாட்டுச் சொத்தும் போகும் இடத்துக்குப் பதர்.

தண்ணி வடிகட்டியைத் திறந்து பார்த்த நாளில் நான் வெகுநேரம் அதன் முன்னால் இருந்தேன். எங்கள் வட்டையின் பெயர், அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் பெறும் எங்கள் வயல்வெளியின் பெயர், ஆங்கிலத்தில் எத்தனை விதமாகப் பிழைபடுமோ அத்தனை விதமும் அதற்குள் இருந்தன. புதிய உத்தியோகத்தர் மாற்றலாகி வந்தால் புதிய பிழை வரும். அவள் அதையும் சேர்த்திருக்கிறாள். திருத்தி எழுதுங்கள் என்று யாரையும் கேட்டதில்லை. எப்படி எழுதினாலும் தண்ணீர் வயலுக்கு வந்து சேர வழி செய்திருந்தாள். பிறகு அந்த அறிவிப்பை நாலு வரித் தமிழாக்கி எல்லோருக்கும் அனுப்புவாள். ஊரில் வாட்ஸ்அப்பில் எது ஓடினாலும் அந்த நாலு வரி வந்த பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார்கள்.

எனக்கும் ஒரு வடிகட்டி இருந்தது. பெயர்: இவர். கட்டளை: எங்கும் நகர்த்தாதே, முன்னாலேயே இருக்கட்டும், மற்ற வடிகட்டிகளை நிறுத்து.

இதைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். [ ] வெட்டிவிட்டேன். அடைப்பை மட்டும் விட்டிருக்கிறேன்.

* அனுப்பாத வரைவுகளைப் பார்க்கவில்லையா என்று வாசகர் கேட்பார். பார்த்தேன். ஒன்று இருந்தது. உரக் கம்பனிக்கு. "உங்கள் மூட்டைகள் நனைந்து" என்று நின்றது. இந்தக் கதையின் ஒரு வடிவத்தில் எனக்கு ஒரு கடிதம் அங்கே வைத்திருந்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாருஜா என்னிடம் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சத்தமாக.

4.

குறிப்பு.

அமைப்புக்குப் புதிய மடிக்கணினி வந்தது. அது அமைப்பின் கட்டடத்தில் இருக்கும். விதுர்ஷா காலையில் அங்கே போய் வேலை செய்வாள். வீட்டில் சாருஜாவின் பழைய கணினி, முன் அறையில், அவள் மேசையில்.

படி ஒன்று: பழைய கணினியில் மென்பொருளை மூடவும்.

படி இரண்டு: அதன் சுயவிவரக் கோப்புறையைக் கண்டுபிடிக்கவும். அது ஒளிந்திருக்கும். அஞ்சல்கள், முகவரிகள், வடிகட்டிகள், கடவுச்சொற்கள், நிறங்கள் எல்லாம் அந்த ஒரு கோப்புறைக்குள் இருக்கும்.

படி மூன்று: அதை முழுதாகப் பென்டிரைவில் பிரதி செய்யவும். எதையும் தெரிவு செய்ய வேண்டாம். எது முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாது.

படி நான்கு: புதிய கணினியில் அதே மென்பொருளை நிறுவி, அதன் வெற்றுக் கோப்புறையின் இடத்தில் இதை வைக்கவும்.

படி ஐந்து: திறக்கவும்.

விதுர்ஷா திறந்தாள். தண்ணி, விதை, உரம், கூட்டம், மழை, பதர். அதே வரிசை, அதே நிறம். ஓர் உரக் கம்பனியின் அஞ்சல் வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தானாக எழுந்து உரத்துக்குள் போனது.

"அக்கா இருக்கிற மாதிரி," என்றாள் விதுர்ஷா. கொஞ்சம் பொறுத்து, "முறைக்கத்தான் ஆளில்ல" என்றாள்.

இந்த இடத்தில் குறிப்பில் ஒரு படி குறைகிறது. அன்று எனக்கு அது தெரியாது. மாற்றுவது என்று சொல்கிறோம். கணினி எதையும் மாற்றுவதில்லை. பிரதி செய்கிறது. பழையது இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். யாராவது போய் அதை எடுக்காத வரை அது மாறவில்லை, இரண்டாகியிருக்கிறது.

இன்னொன்று. அமைப்பின் அஞ்சல் பெட்டி சிறியது. நிறைந்தால் வருவதைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் சாருஜா மென்பொருளில் ஒரு தெரிவை மாற்றி வைத்திருந்தாள்: அஞ்சலை எடுத்தவுடன் சேவையகத்திலிருந்து அழித்துவிடு. யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு மட்டும். ஒரே கணினி இருந்தவரை அது மிகச் சரியான முடிவு.

5.

எல்லைப் போகத்துக்கு, அதாவது சிறுபோகத்துக்கு, தண்ணீர் திறக்கும் நாள் நெருங்கியது. நாள் தெரியவில்லை.

எங்கள் பக்கம் விதை நெல்லை ஊறப்போட்டு, முளை எட்டிப் பார்க்கும்போது சேற்றில் வீசுவார்கள். தண்ணீர் திறக்கும் நாளை வைத்து ஊறப்போடும் நாளைக் கணக்குப் பார்க்க வேண்டும். முந்தினால் முளை நீண்டு விதை வீண். பிந்தினால் உங்கள் முறை போய்விடும்.

வல்லிபுரம் மாமா அமைப்பின் கட்டடத்துக்கு வந்தார். அவர் எங்கள் வட்டவிதானை. வட்டைக்குள் யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பவர். நான் அன்று விதுர்ஷாவை மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட வந்து நின்றிருந்தேன்.

"புள்ள, தண்ணி எப்ப?"

"இன்னும் மெயில் வரல்ல மாமா."

"உன்ட கொக்கா சாருஜாட காலத்தில வந்திச்சே."

விதுர்ஷா திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"வாட்ஸ்அப்பில மூண்டு தேதி ஓடுது," என்றார். "ஒருத்தன் போன வியாழன் எண்டான். ஒருத்தன் வெள்ளி எங்கான். இன்னொருத்தன் அடுத்த மாசம் எங்கான். அவன் இன்னும் உழவே இல்ல, அவனுக்கு ஆசை."

"நீங்க எத நம்பின?"

"வியாழன. ஊறப்போட்டன். முளை வந்து மயிர் மாதிரி நிக்கிது. இனி வயலில போட ஏலா, தலையில போட்டுக்கலாம்."

அவருக்கு முன்தலையில் முடியில்லை. விதுர்ஷா சிரிக்காமலிருக்கக் கஷ்டப்பட்டாள்.

அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அனுப்பியாயிற்று, மெயிலைப் பாருங்கள் என்றார்கள். வாயால் நாள் சொல்வதில்லை என்றார்கள். போன போகம் வாயால் சொன்ன நாளை வைத்து இரண்டு வட்டைக்காரர் அடிபட்டிருந்தார்கள். பெரியவர் வெளிக்கள வேலை முடித்து வந்ததும் திரும்ப அனுப்பச் சொல்வதாகச் சொன்னார்கள்.

"மெயில் வராமலும் இல்ல அத்தான்," என்றாள் என்னிடம். "போன வெள்ளி உரம் வந்த. அதுக்கு முதல் நாள் மழை வந்த. தண்ணிதான் வரல்ல."

"சனிக்கிழமை கூட்டம் இரிக்கு, புள்ள," என்றார் வல்லிபுரம் மாமா. "செயலாளரப் பத்தியும் கதைப்பாங்க போல. நான் சொல்லல்ல, கதைக்கிறாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "மருமகன், நீயும் அந்தப் பெட்டியும் ஒண்டுதான். இஞ்சயிருந்து தூக்கி அங்க வெச்சா வேலை செய்யுமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியா."

இந்த ஒப்புமையை நானே எழுதலாமா என்று இரண்டு பகுதிகளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

6.

மறுநாள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். மடிக்கணினியைப் பார்ப்பதற்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தேன். டக், டக், டக். அகப்பையைப் பானை விளிம்பில் தட்டும் சத்தம். மாமி சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நான் வந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்றும் நினைத்தேன்.

குசினியில் மாமி இல்லை. முன் அறையில், சாருஜாவின் கதிரையில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். முன்னால் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி, இத யார் போட்ட?"

"நான்தான் தம்பி. காலையில விளக்கு வெச்சிட்டு இதையும் போடுவன். சாருஜாவும் அப்பிடித்தானே."

"விதுர்ஷாவுக்குத் தெரியுமா?"

"அவள் போனாப் பிறகுதான் போடுற. அவள் வாறதுக்கு முந்தியே நிப்பாட்டிருவன். கண்டா கரண்ட் போகுது எண்டு கத்துவாள்."

"அந்தச் சத்தம்?"

"அது என்ட அகப்பை," என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது.

கதை இதுதான். பகலில் சாப்பிடக் கூப்பிட்டால் சாருஜா எழும்ப மாட்டாள். மாமி அகப்பையால் பானையைத் தட்டுவார். ஒருநாள் சாருஜா கைபேசியோடு குசினிக்குள் வந்து அதைப் பதிவு செய்து, புது அஞ்சல் வந்தால் ஒலிக்கும் சத்தமாக வைத்துவிட்டாள். நான் வீட்டில் இருக்கும் நேரங்களில் ஒலியை நிறுத்திவிடுவாள் போலிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

"அதுக்கு மறுகா நான் தட்டினா அவள் மெயில் எண்டு பாப்பாள். மெயில் வந்தா நான் அடுப்பப் பாப்பன். ரெண்டு பேரும் விசரிகள் மாதிரி நிண்டிருக்கம்."

* மட்டக்களப்புக் கதையில் ஒரு சத்தம் வந்தால் வாவியில் பாடும் மீனை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். இது அகப்பை.

* குறிப்புக்கு: அறிவிப்பு ஒலிக்கோப்பு சுயவிவரக் கோப்புறைக்குள் இருக்காது. அது வேறெங்கோ கிடக்கும். தனியாக எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

மாமி செய்தது பொத்தானை அமத்தியது மட்டும். கணினி எழும்பியதும் மென்பொருள் தானாகத் திறக்கும்படி சாருஜா வைத்திருந்தாள். திறந்ததும் அது அஞ்சலை எடுக்கும், வடிகட்டும், சேவையகத்திலிருந்து அழிக்கும். விதுர்ஷா கட்டடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் அன்றைய அஞ்சல் இங்கே வந்துவிடும். மாமி நிறுத்தியதற்கும் விதுர்ஷா கட்டடத்தைப் பூட்டுவதற்கும் இடையில் வருவது மட்டும் அங்கே போகும்.

தண்ணி கோப்புறையைத் திறந்தேன். அறிவிப்பு இருந்தது. வட்டையின் பெயரில் புதிய பிழை கூட இல்லை, பழைய பிழைதான். வெள்ளிக்கிழமை காலை குளத்துத் துருசு, அதாவது மதகு, திறக்கும். அன்று செவ்வாய். இன்றைக்கே ஊறப்போட்டால் சரி.

விதுர்ஷாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். "வையுங்க அத்தான்" என்று வெட்டினாள். கொஞ்ச நேரத்தில் என் கைபேசிக்கும் வந்தது. நாலு வரி. தமிழ். அக்காவுடையதைப் போலவே என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் மூன்று வரிதான்.

பிறகு மாமியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"மாமி, ஒரு மெயில ஒரு பெட்டிதான் எடுக்கலாம். இது எடுத்தா விதுர்ஷாட பெட்டிக்குப் போகாது."

மாமியின் கை நின்றது.

"அப்ப மேல்மடைக்காரன் நானா?" என்றார்.

நான் தண்ணி கோப்புறையை மூடினேன்.

"மேல்மடையில இருந்து வட்டைக்குப் போற தண்ணிய மறிச்சுப்போட்டு, இஞ்ச இலை உருவிக்கிட்டு இருந்திருக்கன்."

7.

இங்கே எழுத்தாளன் மாமியை அழவைக்க வேண்டும். [மாமியின் கண்கள்] என்று தொடங்கியும் பார்த்தேன். மாமி அழவில்லை. மடியிலிருந்த இலையைச் சுளகில் தட்டிவிட்டு எழுந்தார். "நிப்பாட்டுங்க தம்பி. இனி போடல்ல." அவ்வளவு விரைவாக முடிவெடுத்த ஒருவரை நான் என் அலுவலகத்தில் கண்டதில்லை.

முடிவுகள் சில இருந்தன.

முதலாவது, பழைய கணினியில் மென்பொருளையே அழித்துவிடுவது. எல்லா வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்லும்.

அடுத்தது, இரண்டு கணினியும் எடுக்கும்படி அஞ்சலைச் சேவையகத்தில் சில நாள் விட்டுவைப்பது. செய்யலாம். பெட்டி நிறையும். ஒருநாள் ஒரு தண்ணீர் அறிவிப்புத் திரும்பிப் போகும். சாருஜா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இன்னொன்று எனக்குப் பிடித்திருந்தது. அகப்பைச் சத்தத்தை மடிக்கணினியில் வைத்துவிடுவது. மாமி விரும்பினால் கட்டடத்துக்குப் போய் இருக்கலாம். சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம் தம்பி. விதுர்ஷாவுக்கு அவள்ட சத்தம் இருக்கட்டும். அக்காட கதிரையில இருக்காள் எண்டு ஊரே சொல்லுது. நானும் சொல்லணுமா?"

கடைசியில் செய்தது: பழைய கணினியிலிருந்து அமைப்பின் கணக்கை மட்டும் நீக்கினேன். சாருஜாவின் சொந்த முகவரி அதே மென்பொருளில் தனிக் கணக்காக இருந்தது. அதை விட்டுவைத்தேன். மடிக்கணினியிலிருந்து அந்தச் சொந்தக் கணக்கை நீக்கினேன். அது விதுர்ஷாவுக்கு வேண்டியதில்லை.

(இதுதான் நான்காம் பகுதியில் விடுபட்ட படி ஆறு.)

சனிக்கிழமைக் கூட்டத்தில் விதுர்ஷா எழுந்து, அறிவிப்பு வந்ததாகவும் தங்கள் வீட்டுக் கணினியில் நின்றுவிட்டதாகவும் பிழை தங்கள் வீட்டுடையது என்றும் சொன்னாள். அம்மா என்று சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

"நட்டம் எனக்குத்தான்," என்றார் வல்லிபுரம் மாமா. "முளைச்ச நெல்லெல்லாம் கோழி திண்டிட்டு. இந்தப் போகம் என்ட கோழிகளுக்குத்தான் விளைச்சல். புள்ள இருக்கட்டும், அடுத்த விசயத்தக் கதைங்க."

அடுத்த விசயத்தைக் கதைத்தார்கள்.

8.

ஏழோடு முடித்திருந்தேன். முடிந்த மாதிரி இல்லை.

நான் கரடியனாற்றுக்குப் புறப்பட்ட காலையில் மாமி முன் அறையில் நின்றார். கணினிக்கு ஒரு துணி போட்டு மூடியிருந்தார்.

"தம்பி, இதுக்கு இனி ஒருத்தரும் எழுத மாட்டாங்களா?"

"அவள்ட சொந்த முகவரி இருக்கு மாமி. யாரும் எழுதினா வரும்."

"சத்தம் போடுமா?"

"போடும். விதுர்ஷாட பெட்டிக்கு ஒரு கரைச்சலும் இல்ல."

"யார் எழுதுற?"

"நான் எழுதலாம்."

"என்ன எழுதுவீங்க?"

யோசித்தேன். "தெரியல்ல" என்றேன்.

"தெரியாததெல்லாம் எழுத வேணாம்," என்றார் மாமி. "சனிக்கிழமை சோத்துக்கு வாறீங்களா இல்லையா எண்டு எழுதுங்க. எவ்வளவு அரிசி போடுற எண்டு எனக்குத் தெரியணும்."

என் சூட்கேசைப் பார்த்தார். அலுமாரியில் இரண்டு சேர்ட் இன்னும் கிடக்கிறது என்றார். எடுத்து வந்து தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கரடியனாற்றில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம். சனிக்கிழமை போனால் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன் என்று எனக்குத் தெரியும். அது இன்னொருத்தியின் வீடு. அவள் கணவன் வந்து இருக்கப்போகும் வீடு. போகாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். மாமி காலையில் துணியை எடுத்துவிட்டுக் கணினியைப் போடுவார். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

குறிப்பின் கடைசிப் படி, படி ஏழு: எல்லாம் ஒழுங்காக மாறியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு சோதனை அஞ்சல் எழுதி அனுப்பிப் பார்க்கவும்.

எழுதிவிட்டேன். அனுப்பும் பொத்தானில் என் கை இல்லை. வாசகரே, இதுவரை வந்துவிட்டீர்கள். எங்கள் இருவரையும்விட உங்களுக்குத்தான் இப்போது கதை முழுதாகத் தெரியும்.

மாமி,
நாளைக்குச் சோத்துக்கு வாறன் / வரல்ல.

தேவையற்றதை வெட்டிவிடவும்.